செயலாளர் ஆண்டறிக்கை: கொடை மேடைகளும் நம்மூர்க் குழுக்களும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, வந்திருக்கும் அண்ணாச்சிமார்களே, அக்காமார்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற வைகாசி முதல் இந்தச் சித்திரை முடிய நம் இசை ரசிகர் சங்கம் செய்ததை இங்கே வைக்கிறேன். செயற்குழுக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. சந்தா வழக்கம்போல் கேட்டுக் கேட்டுத்தான் வந்தது. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். எனக்குத் தந்திருக்கும் நேரத்தைக் கேட்ட பாட்டுக்கும் கேட்ட இடங்களுக்கும் எடுத்துக்கொள்கிறேன்.

சென்ற பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் போட்டோம். மண்டபம் பிடித்து ஆண்டு விழா நடத்துவதை நிறுத்துவது. அந்தப் பணத்தில் வேன் பிடித்து, திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களில் நம் குழுக்கள் பாடுகிற இடத்துக்கே போய்க் கேட்பது. இதற்கு எதிர்ப்பு இருந்தது, இன்னும் இருக்கிறது. மண்டபத்தில் ஃபேன் உண்டு, நாற்காலி உண்டு, ஒன்பது மணிக்கு வீட்டுக்குப் போய்விடலாம் என்கிறார்கள். உண்மைதான். ஆனால் மண்டபத்தில் நாம் வில்லுப்பாட்டுக்குக் கொடுப்பது இரண்டு மணி நேரம். அதற்குள் சுடலைமாடன் பிறந்து, வளர்ந்து, வரம் வாங்கி, மலையாளம் போய்த் திரும்பி வரவேண்டும். வில்லடித்துக் கதை பாடும் புலவர் பாவம், அதை ஓட்டமும் நடையுமாக முடித்துவிட்டுப் பொன்னாடை வாங்கிக்கொண்டு போவார்.

கொடையில், அதாவது நம் பக்கத்து ஊர்க் கோவில் திருவிழாவில், அப்படி இல்லை. சாமியை அழைக்கும் குடியழைப்பு இரவு, மறுநாள் மதியக்கொடை, அன்று நள்ளிரவு சாமக்கொடை என்று கோவில் நடப்புக்கு ஏற்பத்தான் கதை நகரும். காப்பு பாடி, குருவடி பாடி, அவையடக்கம் சொல்லி, நாட்டு வளம் வர்ணித்துக் கதைக்குள் நுழையவே நேரம் பிடிக்கும். சாமி பிறக்கிற கட்டம் எப்போது வரவேண்டும், சாமியை வரவழைக்கும் வரத்துப் பாட்டை எப்போது எடுக்கவேண்டும் என்பதைப் புலவர் பூசாரியின் கையையும் சாமியாடியின் முகத்தையும் பார்த்துத்தான் முடிவு செய்வார். படையல் தாமதமானால் வர்ணனை நீளும். சாமியாடியின் தோள் குலுங்கத் தொடங்கிவிட்டால் நடுவில் இருக்கிற கிளைக்கதை அத்தனையும் போய்விடும். இந்தக் கணக்கு ஓடுவதைக் கண்ணால் பார்க்காதவர் வில்லுப்பாட்டைப் பாதிதான் கேட்டவர். இது என் கருத்து. மாற்றுக் கருத்துள்ளவர்கள் அறிக்கைக்குப் பிறகு பேசலாம்.

சாத்திரப்புதுக்குளத்தில் பிறந்த சுப்பு ஆறுமுகம் ஐயா இந்தக் கலையைச் சென்னை மேடைக்கும் வானொலிக்கும் கொண்டுபோனார். 2021-இல் பத்மஸ்ரீ பெற்றார், 2022 அக்டோபரில் மறைந்தார். காந்தி கதையும் நாட்டு நடப்பும் வில்லில் ஏறின. அந்தப் பெருமையில் எனக்குக் குறைவில்லை. ஆனால் அது மேடை வில். கொடை வில்லின் வேலை வேறு. அங்கே கேட்க வந்தவர்களில் முதல் ஆள் சாமி.

குழுக்களை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று புதிய உறுப்பினர்கள் கேட்கிறார்கள். கொடை நோட்டீஸ்தான் வழி. பங்குனி பிறந்ததும் டீக்கடைச் சுவர், பஸ் நிறுத்தம், அரிசி மில் வாசல் எல்லா இடத்திலும் ஒட்டியிருக்கும். கால்நாட்டு என்றைக்கு, கொடை என்றைக்கு, வில்லிசை யார், நையாண்டி மேளம் எந்த ஊர், கரகம் உண்டா, கணியான் கூத்து உண்டா, எல்லாம் அதில் இருக்கும். வில்லிசைக் கலைஞர் பெயருக்கு முன்னால் போடும் பட்டங்களை நம்பாதீர்கள். ‘வேந்தர்’, ‘பேரொளி’, ‘குயில்’ என்று எல்லோருக்கும் ஒன்று உண்டு. நோட்டீசில் பெரிய எழுத்து யாருக்கு என்று பார்த்தால், பல ஊர்களில் அது ஒலி ஒளி அமைப்பாளருக்குத்தான். ஒரே குழுவை ஒரு ஊர் ஆண்டுதோறும் அழைக்கிறதா என்று பழைய நோட்டீசையும் சேர்த்துப் பாருங்கள். பாட்டு தெரிந்த ஊர் திருப்தியில்லாத புலவருக்கு இரண்டாம் முறை வெற்றிலை பாக்கு வைத்து அச்சாரம் கொடுக்காது.

ஒரு சிக்கல் உண்டு. அம்மன் கோவில் என்றால் செவ்வாய், மாடன் கோவில் என்றால் வெள்ளி என்று பெரும்பாலும் அமைந்துவிடுவதால், ஆடிச் செவ்வாய் ஒன்றில் நாலு நல்ல குழுக்கள் நாலு திசையில் பாடிக்கொண்டிருக்கும். நாம் ஒரு ஊருக்குத்தான் போகமுடியும். வேனில் ஏறியபிறகும் எந்த ஊர் என்று சண்டை நடந்தது. இனிமேல் முடிவு செயலாளரிடம் என்று எழுதி வைத்துவிடலாம்.

இந்த ஆண்டு கேட்டதில் என் மனதில் நிற்பது ஸ்ரீவைகுண்டம் பக்கத்து முத்தாரம்மன் கோவில் ஒன்றில் பாடிய குழு. புலவர் கல்லூரிப் படிப்பு முடித்த இளம்பெண். குடம் அடித்தவர் அவர் தாத்தா வயது. பாட்டு தொடங்குவதற்கு முன்பு அவர் செய்ததை நான் அருகில் உட்கார்ந்து பார்த்தேன். குடத்துக்கு அடியில் வைக்கும் பிரிமனையை உள்ளங்கையால் அழுத்திச் சமன் செய்தார். வில்லின் நடுவைக் குடத்தின் கழுத்தோடு வைத்துக் கயிற்றை மூன்று சுற்று இறுக்கினார். குடம் அடிக்கும் மட்டையான பத்தியால் குடத்தின் வாயில் ஒரு தட்டு. தலையைச் சாய்த்துக் கேட்டார். குடத்தைக் கால்வாசி திருப்பி மறுபடி ஒரு தட்டு. திருப்தி வந்த பிறகு, மைக் செட் பையன் குடத்தின் வாய்க்குள் நுழைக்காத குறையாக வைத்திருந்த மைக்கைக் கையால் நகர்த்தினார். “ஏல தம்பி, ஒரு முழம் தள்ளி வை. குடம் பேசணும்லா, கத்தப்படாது” என்றார். அந்தப் பையன் கேட்டான் என்பதைப் பதிவு செய்கிறேன். வேறொரு ஊரில் கேட்கவில்லை. அங்கே எக்கோவும் பாஸும் ஏற்றி வைத்ததில் உடுக்கை எது, தாளக்கட்டை எது என்றே தெரியாமல் போனது. புலவர் மூன்று முறை சைகை காட்டினார். செட்டுக்காரர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது.

ஆர்மோனியமும் தபலாவும் வில்லுக்குள் வந்து பல காலமாகிறது, அதில் எனக்குப் புகார் இல்லை. இப்போது கீபோர்டும் ரிதம் பேடும் வருகின்றன. பேடில் ஒரு தாளத்தைத் தட்டிவிட்டால் அது போட்ட வேகத்திலேயே போய்க்கொண்டிருக்கும். வரத்துப் பாட்டில் வேகம் கொஞ்சங் கொஞ்சமாக ஏறவேண்டும், சாமி இறங்கினால் தானும் இறங்கவேண்டும். அதைக் குடக்காரர் செய்வார், பெட்டி செய்யாது. துணைத்தலைவர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. இளைஞர்கள் உட்கார்வதே கீபோர்டுக்குத்தான் என்கிறார். கூட்டத்தைப் பார்த்தால் அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

பெண்கள் புலவராக இருப்பதைப் புதுமை என்று சிலர் பேசினார்கள். கொட்டாரம் பூங்கனி அம்மாள் 2018-இல் மறைந்தார். சின்ன வயதிலேயே வில்லடிக்க வந்து, பல பத்தாண்டுகள் தென்மாவட்டக் கொடைகளில் பாடியவர். இன்றைக்கு நோட்டீசில் பாதி பெண் பெயர்கள் என்றால், அந்தத் தலைமுறை போட்ட பாதை அது.

கணியான் கூத்துக்கு இந்த ஆண்டு தனியாக முயற்சி எடுத்தோம். வில்லுக்கு இருக்கும் கூட்டம், இந்தக் கூத்தில் அடிக்கும் மகுடம் என்ற பறைக்கு இல்லை. கதை பாடும் அண்ணாவி ஒருவர், பின்பாட்டு, இரண்டு மகுடம், பெண் வேடமிட்டு ஆடும் இருவர், இவ்வளவுதான் குழு. மகுடம் இரண்டில் ஒன்று உச்சம், ஒன்று மந்தம். ஓலையைக் கொளுத்தி அதன் சூட்டில் தோலைக் காட்டி, விரலால் சுண்டிப் பார்த்து, மறுபடி காட்டி, சுருதிக்குக் கொண்டுவருவார்கள். பனி இறங்கும் நேரத்தில் தோல் தொய்ந்துவிடும். கூத்து நடுவிலேயே ஒருவர் எழுந்து தீக்குப் போய் வருவார். அந்த இடைவெளியில் ஒரு மகுடம் மட்டும் தனியே ஓடுவதைக் கேட்பது எனக்குக் கூத்தைவிடப் பிடித்திருந்தது. பின் இரவில் கணியான் கையைக் கீறி ரத்தம் படைக்கும் கைவெட்டுச் சடங்கின்போது நம் ஆட்கள் போனை எடுக்கக்கூடாது என்று முன்பே சொல்லியிருந்தேன். ஒருவர் எடுத்தார். பெயர் சொல்லவில்லை, அவருக்கே தெரியும். அடுத்த முறை வேனில் அவருக்கு இடமில்லை.

அரசின் பழங்குடியினர் பட்டியலில் கணியான் சமூகம் இருக்கிறது. பட்டியலில் இருப்பதும் பிள்ளைகளின் கையில் சான்றிதழ் இருப்பதும் ஒன்றல்ல. அண்ணாவிகளோடு பேச உட்கார்ந்தால் மகுடத்தைவிட இந்தப் பேச்சுதான் அதிகம். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் இன்னும் பதியாதவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கும் வேலையை நம் உறுப்பினர்களில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருவர் ஏற்றார்கள். 2020, 2021 இரண்டு ஆண்டும் பங்குனி, சித்திரை, ஆடி என்று சம்பாதிக்கிற மாதங்களில்தான் ஊரடங்கும் கட்டுப்பாடும் வந்தன. அப்போது வேறு வேலைக்குப் போய்த் திரும்பாத குடக்காரர்களும் தவில்காரர்களும் உண்டு. குழுக்களிடம் பேசும்போது உறுப்பினர்கள் இதை நினைவில் வைத்துக்கொண்டு, கூலியைப் பற்றிக் கிண்டல் பேசாமல் இருக்கவேண்டும்.

நையாண்டி மேளத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாதஸ்வரம், தவில், பம்பை என்று கோவில் வாசலில் நிற்பவர்களைக் கரகாட்டத்துக்குப் பக்கவாத்தியம் என்று நினைத்து நம்மில் பலர் கேட்பதே இல்லை. காருகுறிச்சி அருணாசலம் பிறந்த மண் இது. 1964-இல் அவர் போய்விட்டார். அவர் வாசிப்பை ஒலிப்பதிவில் கேட்டு உருகுகிறவர்கள், கொடை வாசலில் விடியற்காலை நாலு மணிக்கு ஒரு நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்க வாசிக்கும்போது சட்னி அரைத்தாயிற்றா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆட்டம் நின்று, கரகக்காரர்கள் டீ குடிக்கப் போன பிறகு, கேட்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் நாதஸ்வரக்காரர்களே ஒரு ராகத்தை எடுப்பார்கள். கேட்டுப் பாருங்கள்.

செண்டை, சிங்காரி மேளம் எல்லாம் கேரளத்திலிருந்து வந்து நோட்டீசில் நிலையாக இடம் பிடித்துவிட்டன. குலசேகரன்பட்டினம் தசராவில் பத்து நாளும் வேடக்குழுக்களோடு போகும் மேளங்களை ஒரே கடற்கரையில் கேட்கலாம் என்று போனோம். சூரசம்ஹார இரவில் எதையும் கேட்க முடியவில்லை, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று. அதற்கு முந்தைய நாள்களில், குழுக்கள் ஊர் ஊராகக் காணிக்கை வாங்கிச் செல்லும்போது உடன்குடிப் பக்கம் சாலையோரம் நிற்பதே மேல். பாளையங்கோட்டை தசராவில் ஆயிரத்தம்மன் சப்பரத்தோடு மற்ற அம்மன் சப்பரங்களும் கூடும்போது கேட்கும் மேளம் நம் வீட்டு வாசலிலேயே கிடைப்பது. அதனாலேயே யாரும் வருவதில்லை.

தூத்துக்குடிப் பனிமய மாதா திருவிழாவுக்கு ஜூலை 26 கொடியேற்றத்துக்கும் ஆகஸ்ட் 5 பெருவிழாவுக்கும் போனவர்கள் கிளாரினெட்டும் டிரம்பெட்டும் முழங்கும் பேண்டு செட்களைப் பற்றி நல்ல செய்தி கொண்டுவந்தார்கள். ஆடிக் கொடைகளும் அதே காலத்தில் வருவதால் என்னால் போகமுடியவில்லை. கடற்கரை ஊர்களின் பேண்டு செட்களைத் தனியாகக் கேட்டுக் குறிப்பெடுக்க ஒரு உபகுழு வேண்டும் என்பது என் கோரிக்கை.

ஒலிபெருக்கி விஷயம் எல்லா ஊரிலும் வந்தது. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. விழாக்களுக்காக ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை மாநில அரசு தளர்த்தலாம். சாமக்கொடையோ 12 மணிக்கு மேல்தான் சூடுபிடிக்கும். சில ஊர்களில் காவலர் வந்து சொல்ல, மைக்கை நிறுத்தினார்கள். கூட்டம் முணுமுணுத்தது. ஆனால் மைக் இல்லாமல் வில் கேட்டது அப்போதுதான். எல்லோரும் பாயை இழுத்துப்போட்டு நெருங்கி உட்கார்ந்தார்கள். வீசுகோல் நாணில் விழும்போது வில்லில் கட்டிய மணிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்டன. பின்பாட்டுக்காரர் “ஆமா” போடுவதில் இத்தனை வகை உண்டு என்று எனக்கு அதுவரை தெரியாது. சத்தத்தால் தூக்கம் கெடுகிற பிள்ளைகளும் நோயாளிகளும் ஊரில் இருக்கிறார்கள். ஆகவே இந்த விதியை எதிர்த்து மனுக் கொடுக்கவேண்டும் என்று வந்த யோசனையை செயற்குழு ஏற்கவில்லை.

அன்பளிப்பு பற்றி ஒரு வார்த்தை. கதை நடுவில் ரூபாயை நீட்டினால் புலவர் பாட்டை நிறுத்திக் கொடுத்தவர் பெயரைச் சொல்லி வாழ்த்தத்தான் வேண்டும். கதைத் தலைவன் முத்துப்பட்டன் மாடு திருடர்களோடு மல்லுக்கு நிற்கும்போது “வெளிநாடு வாழ் அண்ணன்” பெயர் குறுக்கே வருகிறது. நம் சங்கத்தின் அன்பளிப்பைக் கதை முடிந்து வாழி பாடும்போது மட்டும் கொடுப்பது என்று நடைமுறை வைத்தோம். குழுக்கள் இதை மனதார வரவேற்றன. விழாக் குழுவினர் சிலருக்கு வருத்தம்.

எந்தக் குழு எந்தக் கதைகளைப் பாடும், எத்தனை பேர், குடம் யார், எந்த ஊர்களில் வழக்கமாகப் பாடுகிறார்கள் என்று எழுதிவரும் நோட்டு நிரம்பி இரண்டாம் நோட்டு தொடங்கியாயிற்று. அச்சிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். குழுக்களிடம் கேட்டு, அவர்கள் சம்மதித்த விவரங்களை மட்டும் அச்சிடவேண்டும் என்பதைப் பொதுக்குழு தீர்மானமாக நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

வரும் ஆடிக்கு: அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோவில் போவதென்று இருக்கிறது. புலிகள் காப்பகத்துக்குள் என்பதால் வனத்துறைக் கட்டுப்பாடுகள் உண்டு; நம் வேன் கோவில்வரை போகும் என்று யாரும் எண்ணவேண்டாம். ஆடிச் செவ்வாய்களுக்கான ஊர்ப் பட்டியல் நோட்டீஸ்கள் வந்தபிறகுதான் முடிவாகும். வருகிறவர்கள் ஆனி இருபதுக்குள் பொருளாளரிடம் பெயரும் பழைய சந்தா பாக்கியும் கொடுக்கவேண்டும். பாய் அவரவர் கொண்டுவரவேண்டும். சாமக்கொடை முடியுமுன் வேன் கிளம்பாது.

இந்த அறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்