உள்ளே வராமல் போடும் விலை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் வீட்டுக்கடன் கட்டுரையில் வந்த ஒரு வரியைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. வங்கிக்காக வீட்டுக்கு விலை மதிப்பிடும் அப்ரைசர் இப்போதெல்லாம் வீட்டுக்குள் வரவே தேவையில்லையாம், தெருவில் நின்று பார்த்தாலே வங்கி ஏற்றுக்கொள்ளுமாம், நமக்கு நேரமும் பணமும் மிச்சமாம். எழுதியவர் வீடு விற்பனை முகவர் என்று கட்டுரையின் அடியில் சின்ன எழுத்தில் போட்டிருந்தீர்கள். அமெரிக்காவில் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் இந்தப் பத்திரிகையை நம்பி முடிவெடுக்கின்றன என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. அப்படியிருக்க, இந்த வரி எப்படி அச்சுக்குப் போனது?

2020 மார்ச்சில் கோவிட் வந்து, யாரும் யார் வீட்டுக்குள்ளும் போகமுடியாமல் இருந்த நேரத்தில், வங்கிகளிடமிருந்து வீட்டுக்கடன்களை வாங்கும் ஃபேனி மே, ஃபிரெடி மேக் நிறுவனங்கள் இரண்டும் தற்காலிகமாகக் கொடுத்த தளர்வைத்தான் கட்டுரையாளர் இன்றைய நடைமுறை போல எழுதியிருக்கிறார். வீட்டுக்கடனுக்கு அரசுக் காப்பீடு தரும் எஃப்.எச்.ஏ.வும் அப்போது அந்த வசதியைக் கொடுத்தது. இதற்கு வெளிப்புற மதிப்பீடு என்று பெயர், அப்போது அதற்கான படிவத்தின் எண் 2055. அப்ரைசர் குறைந்தது தெருவிலிருந்தாவது வீட்டைப் பார்க்கவேண்டும், உள்ளே எப்படி இருக்கிறது என்பதைப் பழைய விற்பனை விவரம், வரிப் பதிவு போன்றவற்றை வைத்து அனுமானிக்கலாம். ஆனால் அப்போதும்கூட, பழைய கடனுக்குப் பதிலாகப் புதுக் கடன் வாங்கி (ரீஃபைனான்ஸ்) கையில் பணம் எடுப்பவர்களுக்கு உள்ளே வந்து பார்த்துத்தான் விலை போட்டார்கள். அந்தத் தளர்வும் 2021-ன் நடுவிலேயே முடிந்துவிட்டது. 2022 மார்ச்சில் வந்த டெஸ்க்டாப் அப்ரைசல், அதாவது வீட்டுக்கு நேரில் போகாமல் விவரங்களை வைத்தே போடும் மதிப்பீடு, வேறு விஷயம். நாமே குடியிருக்க வாங்கும் வீடாக இருக்கவேண்டும், கடன் வீட்டு மதிப்பில் 90 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, உட்சுவர்களைக் காட்டும் வரைபடமும் வேண்டும். கட்டுரையாளர் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிட்டார்.

இன்று வெளிப்புற மதிப்பீடு அதிகமாக நடப்பது, சொந்த வீட்டில் நமக்குச் சேர்ந்திருக்கும் மதிப்பின் மேல் வாங்கும் ஹோம் ஈக்விட்டி கடனில். அங்கே ஒவ்வொரு வங்கியும் தனக்கென்று ஒரு விதி வைத்திருக்கிறது. கடன் தொகை நான்கு லட்சம் டாலரும் அதற்குக் கீழும் இருந்தால் முழு அப்ரைசலே கட்டாயமில்லை என்று 2019-ல் வங்கிகளைக் கண்காணிக்கும் கூட்டாட்சி அமைப்புகள் வரம்பை உயர்த்தின. அதற்கு முன் அது இரண்டரை லட்சமாக இருந்தது. இது வங்கிக்குக் கிடைத்த சலுகை. இதில் வீட்டுக்காரருக்கு என்ன மிச்சம் என்று கட்டுரையாளர் சொல்லட்டும்.

எனக்கு என்ன மிஞ்சியது என்று நான் சொல்கிறேன். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக அந்தக் கடனுக்கு விண்ணப்பித்தோம். எங்கள் வீட்டு பேஸ்மென்ட்டை (நிலவறையை) டவுன்ஷிப்பில் பெர்மிட் வாங்கி, புழங்கும் அறையாக முழுதாக முடித்திருக்கிறோம். மாடிப்படி ஏற முடியாத என் அம்மாவுக்காகத் தரைத்தளத்திலேயே ஒரு குளியலறை கட்டினோம். அடுக்களையை அடியோடு மாற்றினோம். அப்ரைசர் வந்த காரை எதிர் ஓரத்தில் நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, செல்போனை நீட்டிப் படம் எடுத்தார். வாசலில் நின்றிருந்த என் மனைவி ஓடிப்போய், உள்ளே வந்து பாருங்கள் என்று கூப்பிட்டார். வங்கி கேட்டது வெளிப்புறம் மட்டும்தான் என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அவர் மேல் குற்றமில்லை, அவருக்கு வந்த உத்தரவு அதுதான்.

அறிக்கையில் பேஸ்மென்ட் முடிக்கப்படாதது என்று இருந்தது. தரைத்தளத்தில் இருக்கும் குளியலறை கணக்கிலேயே இல்லை. உட்புற நிலை 'சராசரி என்று அனுமானிக்கப்படுகிறது'. ஒப்பிடக் காட்டிய வீடுகளில் ஒன்று வங்கி கைப்பற்றி விற்றது, ஆள் இல்லாமல் கிடந்த வீடு. படத்தில் எங்கள் வீட்டைவிடக் குப்பைத்தொட்டிதான் பெரிதாகத் தெரிந்தது, அன்றைக்குக் குப்பை வண்டி வரும் நாள். பானையைத் திறக்காமலே சோறு குழைந்துவிட்டது என்று எழுதினால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது. மதிப்பு குறைந்தது, கடன் வரம்பு குறைந்தது, மீதிக்குக் கூடுதல் வட்டியில் தனிக்கடன் வாங்கினோம். அந்த அறிக்கையின் நகலை வாங்கவே கெஞ்ச வேண்டியிருந்தது. முதல் அடமானக் கடனாக இருந்தால் நகலை வங்கி தானாகவே தரவேண்டும் என்று 2014 முதல் விதி இருக்கிறது. எங்களுடையது இரண்டாவது கடன் என்பதால் அது பொருந்தாது என்றார்கள். பெர்மிட்டையும் படங்களையும் அனுப்பி மறுபரிசீலனை கேட்டதற்கு, வேண்டுமானால் உங்கள் செலவில் முழு அப்ரைசல் செய்துகொள்ளுங்கள் என்று பதில் வந்தது.

வாங்குபவர்களுக்கு இதைவிடப் பெரிய ஆபத்து. என் நண்பர் 2020-ல் இப்படி வெளியிலிருந்து மதிப்பிட்ட வீட்டை வாங்கினார். "பேங்கே பார்த்துட்டுத்தானே கடன் குடுக்குது, நமக்கென்ன" என்று, வீட்டின் நிலையைச் சோதித்துப் பார்க்கும் இன்ஸ்பெக்ஷனையும் விட்டுவிட்டார். முதல் பெருமழைக்கே பேஸ்மென்ட் சுவரெல்லாம் நீர் கசிந்தது. அப்ரைசல் வங்கியின் பணத்துக்குப் பாதுகாப்பு. வாங்குபவர் தம்மைக் காத்துக்கொள்ள இன்ஸ்பெக்ஷன்தான் வழி. உங்கள் கட்டுரை அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ரொம்ப நாளாக மனதில் இருப்பது. வீட்டு விலை ஏறிக்கொண்டிருந்த நாட்களில், போட்டியில் ஜெயிக்க இன்ஸ்பெக்ஷன் வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள் என ஒரு முகவரின் கட்டுரையை வெளியிட்டீர்கள். அதை மறுத்து நான் எழுதிய கடிதம் பிரசுரமாகவில்லை. அதே முகவரின் முழுப்பக்க விளம்பரம் மட்டும் தொடர்ந்து வந்தது. ஆண்டுச் சந்தாவை ஒருமுறைகூடத் தாமதிக்காமல் கட்டி, இந்த ஊருக்கு வந்த ஒவ்வொரு புதுக் குடும்பத்துக்கும் உங்கள் இதழை அறிமுகம் செய்த வாசகனுக்கு அது எவ்வளவு வலித்தது என்று தாங்கள் புரிந்துகொள்வீர்கள் என நம்புகிறேன்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில் கால் பக்கத்துக்கு ஒரு திருத்தம் போடுங்கள். கோவிட் காலத் தளர்வு முடிந்துவிட்டது, ஹோம் ஈக்விட்டி கடனில் வெளிப்புற மதிப்பீடு வங்கிக்கு வங்கி மாறும், வட்டி மிக அதிகமான சில அடமானக் கடன்களுக்கு உள்ளே வந்து பார்ப்பது சட்டப்படியே கட்டாயம் என்று அதில் இருக்கட்டும். அப்புறம், விண்ணப்பம் போடும்போதே எந்த வகை அப்ரைசல் என்று கேட்டு, வீட்டில் செய்த வேலைகளின் பெர்மிட்டையும் ரசீதையும் படங்களையும் கடன் அதிகாரியிடம் முன்கூட்டியே கொடுக்கச் சொல்லுங்கள். முகவர்கள் எழுதும் கட்டுரைகளில் அவர்கள் தொழில் என்ன என்பதைத் தலைப்புக்குக் கீழேயே போடுங்கள்.

இந்தக் கடிதத்தையாவது வெளியிடுங்கள்.

அன்புடன்,
நீண்டநாள் சந்தாதாரர்
எடிசன், நியூ ஜெர்சி