ஒற்றைத் துளையைக் கைவிடாதீர்கள்

ஐயா,

ஒரே அறையில் ஒருவர் குள்ளராகவும் மற்றவர் நெட்டையராகவும் தெரியும் ‘ஏம்ஸ் அறை’யைக் கண்காட்சிகளில் அமைப்பவர்கள், படம் எடுக்க வசதியாக இருக்கட்டும் என்று முன்பக்கத்தை முழுதாகத் திறந்துவிடுவது பெரிய தவறு. இரு கண்ணால் பார்த்தாலோ தலையைச் சற்று அசைத்தாலோ, பின்சுவர் ஒரு மூலை அருகிலும் மறு மூலை தொலைவிலுமாகச் சாய்ந்திருப்பதை மூளை கண்டுபிடித்துவிடும். அடெல்பர்ட் ஏம்ஸ் வகுத்த அமைப்பின் உயிரே, முன்சுவரில் ஒற்றைக் கண்ணால் மட்டும் பார்க்க விடும் அந்தத் துளைதான்.

துளையிலிருந்து ஒரு மூலை 2 மீட்டர், மறு மூலை 4 மீட்டர் என்றால், தொலைவில் நிற்பவர் பாதி உயரமாகத் தெரிவார். ஆனால் தரையும் ஒத்துழைக்க வேண்டும். அருகு மூலையில் கண்மட்டத்துக்கு 50 செ.மீ. கீழே இருந்தால், தொலை மூலையில் 100 செ.மீ. கீழே இறங்க வேண்டும். கூரை அதே விகிதத்தில் ஏற வேண்டும். சரிவில் வழுக்காத விரிப்பு கட்டாயம். தரைக் கட்டங்களையும் சன்னல்களையும் துளையிலிருந்து நூல் பிடித்துக் குறித்தால் கோணம் பிசகாது.

தொலை மூலைக்குத் தனி விளக்கு போடுங்கள். மங்கலே தூரத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். சிறுவர்களுக்காகக் கீழே இன்னொரு துளை போடாமல், ஏறி நிற்க ஒரு படி வையுங்கள். கைப்பேசியின் லென்ஸைத் துளையில் ஒட்டி வைத்தாலே படம் நன்றாக வரும்.

— காட்சியமைப்புக் கலைஞர்கள் சிலர்