செம்மண்ணில் இரும்புப் பஞ்சம்

அன்புள்ள மாப்ளே,

உன் இரண்டு கடிதமும் வந்தன. பதில் போடாததற்கு நேரில் வந்து திட்டிக்கொள். இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. குண்டுமணி இன்னும் அதே கதையைத்தான் சொல்லிக்கொண்டு திரிகிறான், முடிவு மட்டும் மாறியிருக்கிறது.

விஷயம் என்னவென்றால், தம்பி தோட்டத்து நிலக்கடலை மஞ்சளடித்துவிட்டது. உரக்கடையில் யூரியா போடச் சொன்னார்கள். போட்டான், ஒரு பலனும் இல்லை. நான் போய்ப் பார்த்தால் அடி இலை பச்சையாக இருக்கிறது, கொழுந்துதான் வெளுத்து, நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரிகிறது. தழைச்சத்துக் குறை என்றால் அடி இலையல்லவா முதலில் பழுக்கும்? அங்கிருந்து உருவித்தானே செடி கொழுந்துக்குக் கொடுக்கும். இரும்பை அப்படிச் சுலபமாக உருவ முடியாது. ஆக, இரும்புப் பற்றாக்குறை. அதுவும் எங்கே? இரும்பாலேயே சிவந்துபோன மண்ணில்! சுக்கான் (சுண்ணாம்புக்கல்) கலந்த நிலம், கிணற்றுத் தண்ணீரும் காரம். இரும்பெல்லாம் கரையாத துருவாகக் கிடக்கிறது. 1 சதவீத அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைசல் தெளித்தோம், கொழுந்து தேறிவருகிறது.

அதோடு விட்டிருக்கலாம். நான் விடுகிற ஆளா? ராத்திரியெல்லாம் படித்தேன், உன் தங்கச்சி விளக்கை அணைத்துவிட்டுப் போகிறாள்.

கடலை வேர் அமிலத்தைக் கசியவிட்டு, துருவை இரண்டு மின்னேற்ற இரும்பாக மாற்றி, ஐ.ஆர்.டி.1 என்ற புரதத்தின் வழியாக உள்ளே இழுக்கிறது. 1996இல் அரபிடாப்சிஸ் என்ற கடுகு இனச் செடியில் கண்டுபிடித்த புரதம் அது. நெல் வேறு ஜாதி. தானே ஒரு சேர்மத்தைச் சுரந்து, இரும்பை அதில் பிடித்து உள்ளே கொண்டுவரும். ஐ.ஆர்.டி.1க்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு: துத்தநாகம், மாங்கனீசு, காட்மியம் என்று யார் வந்தாலும் கதவைத் திறந்துவிடும், நம் பழைய ஹாஸ்டல் வாட்ச்மேன் மாதிரி. அந்த உலோகங்கள் மிதமிஞ்சினால் செல் அந்தப் புரதத்தையே சவ்விலிருந்து இழுத்துச் சிதைத்துவிடுகிறது.

மாப்ளே, என்னை உலுக்கியது அடுத்த விஷயம். இரும்பு செல்லுக்குள் வந்ததும் வேலை முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். அங்கேதான் ஆபத்தே ஆரம்பம். தனியாகச் சுற்றும் இரும்பு ஹைட்ரஜன் பெராக்சைடோடு சேர்ந்தால், கையில் அகப்பட்டதையெல்லாம் அரிக்கிற ஹைட்ராக்சில் உருவாகும். அதனால் இரும்பைத் தனியே விடுவதே இல்லை. நிக்கோடியானமைன் என்ற சேர்மம் கூடவே துணைக்குப் போகிறது. உபரியைச் செல் தனக்குள் இருக்கும் வாக்குவோல் என்ற குமிழுக்குள் பூட்டுகிறது. ஃபெரிட்டின் என்ற ஒரு புரதக் கூட்டுக்குள் 4,500 இரும்பு அணு வரை அடையும். பச்சையத்தில் இரும்பே கிடையாது, நடுவில் இருப்பது மெக்னீசியம். ஆனாலும் பச்சையம் செய்ய இரும்பு வேண்டும், கொழுந்து வெளுப்பது அதனால்தான்.

2006இல் மேரி லூ கெரினாட் என்ற அமெரிக்க விஞ்ஞானியின் குழு அதே அரபிடாப்சிஸின் விதையை எக்ஸ்ரேயில் பார்த்தது. வி.ஐ.டி.1 என்பது இரும்பை வாக்குவோலுக்குள் தள்ளும் புரதம். அது கெட்டுப்போன விதையிலும் இரும்பின் மொத்த அளவு குறையவில்லை, இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் இல்லை. அவ்வளவுதான், காரமண்ணில் அந்த நாற்று தேறவில்லை. இருப்பு சரியாக இருந்தும் பட்டினி!

இவன் ஏன் இவ்வளவு பேசுகிறான் என்பாய். மூத்தவளுக்கு ஆறாம் மாதம். ரத்தம் குறைவு என்று டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையைப் போட்டால் வாந்தி. மூன்று வேளையும் சோறு சாப்பிடுகிற வீடுதான். அரிசியின் இரும்பில் பெரும்பங்கு தவிட்டுப் பக்கம் இருக்கிறது, தீட்டும்போது போய்விடுகிறது. சொல்லப்போனால் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

2017இல் இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் மையத்தில், இரும்பை வாக்குவோலுக்குள் தள்ளும் கோதுமையின் சொந்த மரபணு ஒன்றையே மணியின் மாப்பகுதியில் கூடுதலாக வேலை செய்யவைத்து, வெள்ளை மாவில் இரும்பை இரண்டு மடங்குக்கு மேல் ஏற்றினார்கள். உடம்பு அதில் எவ்வளவு எடுத்துக்கொள்ளும் என்பது வேறு கணக்கு. மரபணு மாற்றம் என்றாலே நீ குதிப்பாய், குதி. ஆனால் இரும்பைத் தள்ளும் வேலைக்கு வேறு பயிரின் மரபணுவைக் கொண்டுவராமல், கோதுமையினுடையதையே வைத்துச் செய்வதில் உனக்கு என்ன ஆட்சேபணை என்று எழுது. எழுதும்போது மூத்தவளுக்கு எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளும் என்று உன் மருமகளிடமும் கேள். அவள்தானே நம் கூட்டத்தில் ஒரே டாக்டர்.

பொங்கலுக்கு வந்தால் கடலை தருகிறேன். யூரியா மூட்டை மீதியையும் எடுத்துப்போ.

உன்,
சண்முகம்