நடுவில் நான் இருந்தேனே!

அன்புள்ள எல்லோருக்கும்,

வணக்கம். பெல்ஜியத்தின் யூனியன் சேன்-ஜில்வாஸ் கால்பந்துக் கழகத்தின் வரலாறாக நான் எழுதிய சின்ன நூல் போன வாரம் அச்சாகி வந்துவிட்டது. மொத்தம் 150 பிரதிகள். அதில் இரண்டு அட்டைப்பெட்டிகள் இன்னும் பிரிக்கப்படாமல் மாடிப்படிக்குக் கீழே கிடக்கின்றன. கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்ல ஆறு வரிக்குத்தான் இடம் கிடைத்தது. நான் பட்ட கடன் ஆறு வரியில் அடங்காது என்பதால் இந்த மடல்.

முதல் நன்றி எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் குடியிருக்கும் பெரியவருக்கு. அவருக்குத் தமிழ் தெரியாது. இதைப் பிரெஞ்சில் சொல்லிக் காட்டுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். பிரசல்ஸ் நகரின் சேன்-ஜில் பகுதிக்கு நான் குடிவந்த புதிதில், அவர் மஞ்சளும் நீலமுமாக ஒரு துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு மேட்டுத் தெருவில் மெல்ல ஏறிப் போவதைப் பார்த்து, ஏதோ கட்சிக் கூட்டத்துக்குப் போகிறார் என்று நினைத்தேன். நம் ஊர்ப் பழக்கம், விடுமா? அப்புறம்தான் தெரிந்தது, அவர் போவது பக்கத்துப் பகுதியான ஃபோரேயில், டியூடன் பூங்காவை ஒட்டியிருக்கும் ஜோசஃப் மரியன் மைதானத்துக்கு என்று. சேன்-ஜில்லின் பெயரைச் சுமக்கும் கழகத்தின் மைதானம் சேன்-ஜில்லில் இல்லை. இதை முதல் தடவை கேட்கிறவர்கள் எல்லாரும் ஒருமுறை சிரிப்பார்கள்.

நூலின் முதல் வரைவை முடித்துவிட்டு அவரிடம் கதையாகச் சொன்னேன். 1897 நவம்பர் 1ஆம் தேதி பிறந்த கழகம். 1904இலிருந்து 1913க்குள் ஏழு முறை சாம்பியன். 1913, 1914 இரண்டு வருடமும் பெல்ஜியக் கோப்பை. 1923இல் மறுபடி சாம்பியன். 1933, 1934, 1935 என்று வரிசையாக மூன்று. ஆக, பதினோரு பட்டங்கள். சரி, அடுத்த அத்தியாயம் 2018இல் ஆரம்பிக்கும் என்றேன். அவர் கையிலிருந்த காபிக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டார்: “நடுவில் நான் இருந்தேனே, அது எங்கே?”

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் நூல் எட்டு மாதம் தாமதமானது. முன்பணம் கொடுத்துவிட்டுப் பொறுமையாகக் காத்திருந்த நண்பர்கள் மன்னிக்க வேண்டும். தாமதத்துக்குக் காரணம் இவர்தான். நல்ல காரணம்.

யூனியன் 1973இல் முதல் டிவிஷனிலிருந்து இறங்கியது. திரும்பி ஏறியது 2021இல். இடையில் 48 வருடம். 1980களின் தொடக்கத்தில் நான்காம் டிவிஷன் வரைக்கும் சரிந்தது. இந்தக் கழகத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தை ஒரே வாக்கியத்தில் தாண்டிவிடுவார்கள். நானும் அதைத்தான் செய்திருந்தேன்.

பெரியவர் உள்ளே போய் ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்துவந்தார். டப்பாவுக்குள் பள்ளிக்கூடக் குறிப்பேடுகள். ஒவ்வொரு பக்கத்திலும் நாலு கட்டம் போட்டு, தேதி, எதிரணி, கோல் கணக்கு, கூட்டம் என்று பென்சிலில் எழுதியிருந்தார். ஓரத்தில் வானிலை. “மழை”, “மழை”, “பனிமூட்டம், பந்து தெரியவில்லை”, “மழை.” கூட்டத்தின் எண்ணிக்கை பத்திரிகையில் பார்த்து எழுதியதா என்று கேட்டேன். இல்லையாம், இடைவேளையில் அவரே தலை எண்ணுவாராம். மரியன் மைதானத்தின் ஒரு பக்கம் குன்றின் சரிவிலேயே படிப்படியாக ஏறும் கேலரி. உச்சிப் படியில் நின்றால் எல்லாத் தலையும் தெரியும். எண்ணி முடிக்கக்கூடிய கூட்டம்தான் வந்துகொண்டிருந்தது. ஒரு தடவை பாதியில் நாய் ஒன்று உள்ளே ஓடிவந்ததால் கணக்கு விட்டுப்போய், மறுபடி முதலிலிருந்து எண்ணியதாக ஒரு குறிப்பு இருக்கிறது. அதை நூலில் அப்படியே போட்டிருக்கிறேன்.

ஐயா, உங்கள் குறிப்பேடுகள் இல்லாவிட்டால் அந்த நூலில் மூன்றாம் அத்தியாயம் கிடையாது. எனக்குப் பிடித்த அத்தியாயமும் அதுதான்.

அலுவலகத்தில் எனக்கு அடுத்த மேசையில் உட்காரும் தோழிக்கு அடுத்த நன்றி. எனக்கு டச்சு அரைகுறை. பழைய டச்சுப் பத்திரிகைகளை மதிய உணவு நேரத்தில் வாசித்துச் சொன்னவர் அவர்தான். ‘பதிவு எண்’ என்ற விஷயத்தை எனக்குப் புரியவைத்தவரும் அவரே. பெல்ஜியத்தில் ஒவ்வொரு கழகத்துக்கும் கால்பந்துச் சங்கம் கொடுத்த ஒரு வரிசை எண் உண்டு. ஆண்ட்வெர்ப் 1. கிளப் ப்ரூஹ 3. யூனியன் 10. ஆண்டர்லெக்ட் 35. குறைந்த எண் என்றால் பழைய குடும்பம் என்று பொருள். வேறொரு கழகத்தோடு இணைந்தால் இரண்டில் ஒரு எண் போய்விடும்.

இதில் எனக்கு உறைத்தது வேறு ஒன்று. எண் 2 யாருடையது தெரியுமா? பிரசல்ஸின் டேரிங் கழகத்துடையது. யூனியனின் பரம எதிரி. யூனியன் இறங்கிய அதே 1973இல் டேரிங், ரேசிங் ஒயிட் என்ற கழகத்தோடு இணைந்து ஆர்டபிள்யூடிஎம் ஆனது. அந்த ரேசிங் ஒயிட்டே பத்து வருடத்துக்கு முன் இரண்டு கழகங்கள் இணைந்து உருவானதுதான். புதுக் கழகம் 1975இல் சாம்பியனும் ஆனது. புத்திசாலித்தனமான முடிவு என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் மறுத்திருக்க முடியாது. யூனியன்காரர்கள் யாரோடும் கலக்காமல், தங்கள் 10ஐயும் மஞ்சள் நீலத்தையும் வைத்துக்கொண்டு சேற்றில் ஆடினார்கள். அதை வீம்பு என்றுதான் நான் எழுதியிருந்தேன். தோழி அந்தச் சொல்லை அடித்துவிட்டு ஒன்றும் எழுதாமல் திருப்பிக் கொடுத்தார். இப்போது அந்த இடத்தில் சொல்லே இல்லை; நடந்தது மட்டும் இருக்கிறது.

நூலகத்தில் 1935ஆம் வருடப் பத்திரிகைக் கட்டுகளைத் தூசி தட்டி எடுத்துக் கொடுத்த அம்மாவுக்கும் நன்றி. முகமூடியும் கையுறையும் அவரே தந்தார், தும்மல் மட்டும் என் சொந்தம். 1933 முதல் 1935 வரை தொடர்ந்து 60 லீக் ஆட்டங்களில் தோற்காத அணி யூனியன். பெல்ஜியத்தில் இன்றுவரை அந்தச் சாதனையை யாரும் தொடவில்லை. அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது வேறு யார், டேரிங்தான். அந்த யூனியன் அணியின் தலைவர் ஜூல் பாப்பார்ட் பெயரில், ஒவ்வொரு பருவத்திலும் அதிக ஆட்டங்கள் தோற்காமல் தாக்குப்பிடிக்கும் அணிக்கு ஒரு கோப்பை கொடுக்கும் வழக்கம் பின்னாளில் வந்தது.

அந்த அம்மா இன்னொரு உதவியும் செய்தார். யூனியன், டேரிங் பகையை வைத்து 1938இல் பிரசல்ஸில் ஒரு நகைச்சுவை நாடகம் மேடையேறியது. இரு கழகக் குடும்பங்களின் பிள்ளைகள் காதலிப்பதுதான் கதை. அதில் வரும் மேடம் ஷாப்போ என்ற பாத்திரத்துக்கு நகரின் நடுவே தெருவோரத்தில் வெண்கலச் சிலையே இருக்கிறது. பல வருடமாக அந்தச் சிலையைக் கடந்து கறிகாய் வாங்கப் போய்க்கொண்டிருந்தேன். யாரோ ஒரு வீட்டுக்கார அம்மா என்றுதான் நினைத்திருந்தேன். கால்பந்துப் பகை ஒன்று தந்த சிலை என்று இவர் சொல்லித்தான் தெரியும்.

புள்ளிவிவரம் படித்த தம்பி ஒருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும், ஆனால் சுருக்கமாக. 2018இல் இங்கிலாந்தின் பிரைட்டன் கழக முதலாளி டோனி ப்ளூம், அலெக்ஸ் முசியோவோடு சேர்ந்து யூனியனை வாங்கிய பிறகு நடந்ததை எல்லாப் பத்திரிகையும் எழுதிவிட்டது. கணக்குப் போட்டு ஆள் எடுத்தார்கள். ஜெர்மனியின் மூன்றாம் டிவிஷனில் ஆடிக்கொண்டிருந்த டெனிஸ் உண்டாவ் என்ற வீரரை அழைத்துவந்தார்கள். முதல் டிவிஷனில் முதல் பருவத்திலேயே அவர் அதிக கோல் அடித்தவரானார். அந்தக் கணக்கு எப்படி வேலை செய்கிறது என்று தம்பி மூன்று மாலை உட்கார்ந்து விளக்கினார். நான் அதை இரண்டு பக்கமாகச் சுருக்கிவிட்டேன். கோபிக்காதே தம்பி. பணமும் கணக்கும் வந்து சேர்வதற்கு அங்கே ஒரு கழகம் உயிரோடு இருக்க வேண்டியிருந்தது. எனக்கு அந்தப் பக்கம்தான் இழுக்கிறது.

மரியன் மைதானத்தின் நிற்கும் கேலரியில் என் பக்கத்தில் நிற்கும் அத்தனை பேருக்கும் நன்றி. பெயர் தெரியாது, முகம் தெரியும். 2016இலிருந்து இரண்டு வருடம், மைதானத்தில் பராமரிப்பு வேலை நடந்தபோது, நகரின் மறுகோடியில் 50,000 பேர் கொள்ளும் போதுவன் ராஜா மைதானத்துக்குப் போய் ஆடவேண்டி வந்ததைச் சொன்னவர்கள் நீங்கள். கோல் விழுந்தால் உங்கள் கத்தல் எதிர்ப்பக்கத்துக் காலி நாற்காலிகளில் மோதித் திரும்பிவருமாம். 2021 மார்ச்சில் ஆர்டபிள்யூடிஎம்மை 2-1 என்று வென்று மேலே ஏறிய அன்று, கொரோனாவால் மைதானத்துக்குள் ஒருவருக்கும் அனுமதி இல்லை. 48 வருடம் காத்திருந்து, கடைசியில் பழைய டேரிங்கின் வாரிசை ஜெயித்துத் திரும்பும்போது உள்ளே பார்க்க ஆள் இல்லை! பெரியவர் அன்றைய பக்கத்தில் ‘கூட்டம்’ என்ற கட்டத்தில் “0” என்று எழுதி, அடிக்கோடு போட்டிருக்கிறார்.

2023 ஜூன் 4ஆம் தேதி நானும் அங்கே இருந்தேன். கிளப் ப்ரூஹவுக்கு எதிராக 89ஆம் நிமிடம் வரை 1-0. பட்டம் கைக்கு எட்டிவிட்டது. அப்புறம் வரிசையாக மூன்று கோல் வாங்கினோம். அதே நேரம் கென்க்கில் ஆண்ட்வெர்ப் வீரர் ஆல்டர்வெய்ரெல்ட் அடித்த கடைசி நிமிட கோலில் பட்டம் ஆண்ட்வெர்ப்புக்குப் போனது. பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒருவர் தன் பியரை என் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார். அவர் இதைப் படிக்கப் போவதில்லை. இருந்தாலும், நன்றி.

இப்போது தமிழ்ப் பக்கத்துக்கு வருகிறேன். மெய்ப்புப் பார்த்த தமிழாசிரியர் ஐயாவுக்கு என் வணக்கம். கால்பந்தில் ஐயாவுக்கு ஈடுபாடு கிடையாது. அதுவே எனக்கு வசதியாகப் போயிற்று. புரியாத இடத்திலெல்லாம் சிவப்பு வட்டம் போட்டார். கழகத்தின் பெயரை ‘செயின்ட்’ என்று எழுதுவதா ‘சேன்’ என்று எழுதுவதா என்று நாங்கள் இரண்டு வாரம் வாட்ஸ்அப்பில் வாதாடினோம். உள்ளூர்க்காரர் வாயில் எப்படி வருகிறதோ அப்படியே எழுது என்று முடித்துவைத்தவர் ஐயா. நான் “வரலாற்றுச் சிறப்புமிக்க” என்று எழுதிய ஒன்பது இடங்களில் எட்டை அடித்தவரும் அவரே.

முதலில் கொடுத்த அச்சகத்தில் ஒரு கூத்து நடந்தது. மாதிரிப் பிரதியைப் பிரித்தால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், நடுவில் புள்ளி வட்டங்கள். ‘கோல்’ என்ற சொல் ஒவ்வொரு பக்கத்திலும் வருகிற நூல். ஒவ்வொரு ‘கோ’வும் மூன்று துண்டு. “உங்கள் மொழி இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தோம்” என்றார்கள். பழியை அவர்கள் மேலேயே போடவும் முடியாது. எழுத்துருவைக் கோப்போடு சேர்த்து அனுப்பாதது என் தப்பு. இரவு ஒரு மணிவரை உட்கார்ந்து, 96 பக்கத்தையும் மறுபடி அமைத்துக் கொடுத்த நண்பருக்கு ஒரு விருந்து பாக்கி இருக்கிறது. மறக்கவில்லை.

வீட்டில் என் மனைவிக்கு. வாரக்கடைசி தோறும் “இன்றைக்கும் மேட்சா?” என்று கேட்டவர், 2024 மே மாதம் பெல்ஜியக் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் எங்கள் வீரர் மச்சிதா அடித்த ஒரே கோலில் யூனியன் ஆண்ட்வெர்ப்பைத் தோற்கடித்தபோது அடுப்பை அணைக்காமல் ஓடிவந்து பார்த்தார். 110 வருடத்துக்குப் பிறகு வந்த கோப்பைக்காகக் கருகியது ஒரு சட்டி சாம்பார். பரவாயில்லை.

2025 மே 25. கென்ட்டை 3-1 என்று வென்று, 90 வருடத்துக்குப் பிறகு பன்னிரண்டாவது பட்டம். அன்று இரவு தெருவெல்லாம் ஹாரன் சத்தம். மறுநாள் காலை பெரியவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். குறிப்பேடு மேசைமேல் திறந்தே கிடந்தது. தேதி, எதிரணி, கோல் கணக்கு எல்லாம் அதே பென்சில் எழுத்தில். ‘கூட்டம்’ என்ற கட்டம் மட்டும் காலி. “உச்சிப் படியில் ஏற விடவில்லை. சின்னப் பசங்கள் நிறைந்துவிட்டார்கள்” என்றார், குறை சொல்கிற குரலில். பிறகு எனக்கும் ஒரு காபி ஊற்றினார்.

பிரதி கேட்டவர்களுக்கு இந்த வாரக் கடைசிக்குள் அனுப்பிவிடுவேன். 57ஆம் பக்கத்தில் ஒரு பிழை நுழைந்துவிட்டது: யூனியன் கடைசியாக முதல் டிவிஷனிலிருந்து இறங்கிய வருடம் 1937 என்று அச்சாகியிருக்கிறது. 1973 என்று பேனாவால் திருத்திக்கொள்ளுங்கள். முதலில் கண்டுபிடித்தது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. தமிழ் படிக்கத் தெரியாவிட்டாலும் எண்களைப் படிக்கத் தெரியுமே அவருக்கு.

அன்புடன்,
உங்கள் நண்பன்,
பிரசல்ஸிலிருந்து