அது வைரஸ் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மழைக்காலக் காய்ச்சல்கள் பற்றிய கட்டுரையில் மெலியோய்டோசிஸை 'வெளிநாட்டிலிருந்து பரவும் புதிய வைரஸ்' என்று அச்சிட்டிருக்கிறீர்கள். தங்கள் பத்திரிகையிலா இந்த வரி என்று வருத்தமாக இருந்தது. நோயை உண்டாக்குவது பர்க்கோல்டேரியா சூடோமல்லை என்னும் கிராம் நெகட்டிவ் வகை பாக்டீரியா. வயல் சேற்றிலும் தேங்கிய நீரிலும் வாழ்வது. புதியதும் அல்ல. பர்மாவின் ரங்கூனில் விட்மோர், கிருஷ்ணசுவாமி என்ற இரு மருத்துவர்கள் கண்டறிந்து 1912-லேயே எழுதிவிட்டார்கள்.

வைரஸ் என்று படித்தவர் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு காத்திருப்பார். சர்க்கரை நோயாளியின் ரத்தத்தில் இந்தக் கிருமி கலந்துவிட்டால் சில நாட்களிலேயே உயிர் போய்விடலாம்.

ஆய்வகங்களில் நடப்பதையும் சொல்லியாக வேண்டும். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் தட்டோடு பல ஆண்டு பழகியவன் என்பதால் சொல்கிறேன். சீழிலிருந்து வளர்ந்ததை 'சூடோமோனாஸ்' என்ற வேறு பாக்டீரியா என்று எழுதி, 24 மணி நேரத்தில் தட்டைக் கழித்துவிடுகிறார்கள். இன்னும் இரண்டு நாள் வைத்திருந்தால் வழவழப்பான காலனி (கிருமித் திட்டு) உலர்ந்து சுருக்கம் விழுவது கண்ணுக்கே தெரியும். ஆக்சிடேஸ் சோதனையில் பாசிட்டிவ்; ஜென்டாமைசின், கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக் டிஸ்க் இரண்டுக்கும் அடங்காது, அமாக்சிசிலின்-கிளாவுலனேட் என்ற ஆன்டிபயாடிக்குக்கு அடங்கும். இவ்வளவும் சேர்ந்தால் சந்தேகம் வந்தாக வேண்டும். (தட்டைத் திறந்து முகர்ந்து பார்க்கும் பழக்கத்தை தயவுசெய்து எல்லோரும் விட வேண்டும். மூச்சு வழியாகவும் தொற்றும்.)

நுரையீரலில் குழி தெரிந்தாலே டிபி என்று முடிவு கட்டுவது இன்னொரு கொடுமை. சளியில் டிபி கிருமி இல்லை, ஸ்கேனில் கல்லீரலிலும் மண்ணீரலிலும் சிறுசிறு சீழ்க்கட்டிகள், நோயாளிக்குச் சர்க்கரை என்றால், ரத்தமும் சளியும் கல்ச்சருக்குப் போகாமல் டிபி மாத்திரை தொடங்கலாமா? செஃப்டசிடிம் அல்லது மெரோபெனம் ஊசி குறைந்தது 10 முதல் 14 நாள், பிறகு கோட்ரைமாக்சசோல் மாத்திரை குறைந்தது 12 வாரம் தர வேண்டிய நோய் இது. காய்ச்சல் நின்றதும் மாத்திரையை நிறுத்துகிறவர்களுக்குத்தான் பெரும்பாலும் நோய் திரும்ப வருகிறது.

அடுத்த இதழில் 'வைரஸ்' என்பதைப் 'பாக்டீரியா' என்று திருத்துங்கள். கூடவே, சர்க்கரை உள்ளவர்கள் பூட்ஸ் இல்லாமல் சேற்றில் இறங்கக் கூடாது, காலில் புண் இருந்தால் மூடிக்கட்ட வேண்டும், காய்ச்சல் வந்தால் ஆன்டிபயாடிக் ஊசிக்கு முன்பே கல்ச்சருக்கு ரத்தம் எடுக்கச் சொல்லிக் கேட்க வேண்டும் என்று மூன்று வரி சேர்த்துவிடுங்கள். கட்டுரை வந்த அதே பக்கத்தில் வரட்டும்.

இப்படிக்கு,
ஓர் ஆய்வக நுட்புநர்