சினை ஆட்டுக்கு மொட்டை அடிச்சா கொடுமையா? படத்துக்குக் கீழ போட்ட வரி சரியில்லீங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழமை பேப்பர்ல ஒரு படம் போட்டிருந்தீங்க, நியூசிலாந்துல கம்பளி வெட்டி மொட்டையா நிக்குற செம்மறி ஆடுங்க, எல்லாமே சினை ஆடு, பின்னாடி பனி, கீழ "காசுக்காக இப்படியா"ன்னு ஒரு வரி. எங்க வீட்டம்மா அதைப் பாத்துட்டு அன்னிக்கு முழுக்க ஒரே புலம்பல். அவங்கள குத்தம் சொல்ல முடியாது, மார்கழில 21 டிகிரிக்கே மங்கி கேப் மாட்டிக்கிட்டு பால் வாங்கப் போற ஊரு நம்மளுது.

நான் 2 வருஷம் முன்னாடி அதே நியூசிலாந்துல, தெற்குக் கோடில இருக்குற சவுத்லேண்ட் பக்கம் பொண்ணு வீட்டுல ஜூன், ஜூலை ரெண்டு மாசமும் இருந்தேன், அங்க அதுதான் நல்ல குளிர்காலம், பக்கத்துலயே ஆட்டுப் பண்ணை. சின்ன வயசுல செங்குன்றம் தாண்டி எங்க மாமா ஆட்டுக்குப் பின்னாடியே சுத்துனவன் நான், சும்மா இருக்க முடியுமா, தினமும் போய் வேலி ஓரமா நின்னுடுவேன். மாமா வச்சிருந்தது மெட்ராஸ் ரெட், நம்ம செவப்பு ஆடு, அதுக்கு முடிதான் கம்பளி கிடையாது, அதனால வெட்டுற பேச்சே இல்ல. அங்க இருக்குறதுக்கு வெட்டலன்னா கம்பளி வளந்துக்கிட்டே போகும்.

மொத நாள் நானும் உங்க பேப்பர் மாதிரியே கேட்டேன், இது பாவம் இல்லியான்னு. அந்தப் பண்ணைக்காரரு சிரிச்சுட்டு, கம்பளிக்கு இப்ப விலையே இல்ல, வெட்டுற கூலிக்கே கட்டாது, குட்டிக்காகத்தான் பண்றோம்னாரு. எனக்குப் புரியல.

அப்புறம் உக்காந்து படிச்சதுல தெரிஞ்சது இதுதான். ஆட்டோட பெரிய வயிறு இருக்கே, தின்ன தீவனம் ஊறிப் புளிக்குற வயிறு, அது ஒரு அடுப்பு மாதிரி, நாள் பூரா சூடு குடுத்துக்கிட்டே இருக்கும். கம்பளி முழுசா இருக்குறப்போ பூஜ்ஜியத்துக்குக் கீழ போனாலும் அதுக்குப் பெருசா தெரியாது, ஒட்ட வெட்டி, தீவனமும் அளவாத்தான் போட்டா 25 டிகிரிக்குக் கீழ இறங்குனாலே உடம்பு கூடுதலா எரிக்க ஆரம்பிச்சிடும், அப்படிப் பாத்தா நம்ம சென்னை மார்கழியே அதுக்குக் குளிருதான். அப்ப என்ன பண்ணும்னா நல்லா திங்கும். சும்மா இல்ல, வெட்டுன ரெண்டு மூணு நாள்லயே தொட்டிய காலி பண்ணிட்டு நம்மள பாத்து கத்தும், நானே பாத்தேன். உடம்புல இருக்குற கொழுப்பையும் கரைக்கும், ரத்தத்துல சர்க்கரை கூடும், அதுல பங்கு வயித்துல இருக்குற குட்டிக்கும் போகும். ஆட்டுக்கு சினைக்காலம் கிட்டத்தட்ட 147 நாள், அதுல 70லேருந்து 100 நாளுக்குள்ள வெட்டுனா பொறக்குற குட்டி அரை கிலோ வரைக்கும் கூடுதல் எடையா இருக்கலாம்னு ஆராய்ச்சில பாத்திருக்காங்க, எல்லாப் பண்ணையிலயும் அப்படியே வரும்னு சொல்ல முடியாது. அரை கிலோ என்ன பெருசுன்னு கேக்காதீங்க, ரெட்டைக் குட்டி போடுறப்போ ஒண்ணு சின்னதா போயிடும், அதுதான் பொறந்த அன்னிக்கே குளிர்ல விறைச்சு சாகும்.

இன்னொண்ணு. கம்பளி போத்திக்கிட்டு இருக்குற தாய்க்குக் குளிரு தெரியாம வெட்டவெளியிலயே குட்டி போட்டுட்டு நிக்கும், மொட்டை ஆட்டுக்குத் தெரியும், அதுவா மறைவு தேடிப் போகும், குட்டியும் கூடவே போயிடும். யாரு யோசிச்சாங்களோ.

அதுக்காக யாரு வேணா எப்ப வேணா வெட்டலாம்னு நான் சொல்லல. மெலிஞ்ச ஆட்ட வெட்டவே கூடாது, வெட்டிட்டு தீவனத்த ஏத்தலன்னா தாய் படுத்துடும், கடைசி மாசத்துல பிடிச்சு உருட்டவே கூடாது. வெட்டுற மெஷின்ல மாட்டுறதுக்குக் குளிர்காலத்துக்குன்னே தனி சீப்பு இருக்கு, அதப் போட்டு வெட்டுனா தோல ஒட்டாம 5 மில்லிமீட்டர் கிட்ட முடி நிக்கும். வெறும் குளிரு கூட பரவால்ல, மழையும் காத்தும் சேந்து வந்தா மொத ரெண்டு வாரத்துல கொன்னே போட்டுடும். அந்தப் பண்ணையில ஒரு நாள் சாயங்காலம் மேகம் கட்டுனதும் ராத்திரி சாப்பாட்ட அப்படியே விட்டுட்டு வீட்டுல எல்லாரும் ஓடி ஆட்டையெல்லாம் மரத்தடுப்புக்குப் பின்னாடி ஓட்டுனாங்க, ஈவு இரக்கம் இல்லாதவங்க பண்ற வேலையா அது?

நீங்க நியூசிலாந்து வரைக்கும் ஆள் அனுப்ப வேணாம். ஊட்டி பக்கம் சாண்டிநல்லாவுல செம்மறி ஆராய்ச்சி நிலையம் இருக்கு, நீலகிரி ஆடு வச்சிருக்காங்க, கொடைக்கானல் மன்னவனூர்ல பாரத் மெரினோ இருக்கு, ரெண்டும் கம்பளி ஆடு, ரெண்டும் குளிர் ஊரு. ஒரு ரிப்போர்ட்டரை அனுப்பி கேட்டுட்டு அடுத்த ஞாயிறு நாலு வரி போடுங்க, எங்க வீட்டம்மா நான் சொன்னா நம்ப மாட்டேங்குறாங்க, பேப்பர்ல வந்தாத்தான் நம்புவாங்களாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பெரம்பூர், சென்னை