இடம் இருக்கிறது, ஆள் இல்லை என்று சொல்லிவிட முடியுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் மங்கோலியாவையும் வங்கதேசத்தையும் ஒப்பிட்டு ஓர் அட்டவணை வெளியிட்டிருந்தீர்கள். பரப்பு, மக்கள்தொகை, தலைநகரம், ஆண்டு மழை எல்லாம் இருந்தன. தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு அது உதவும். ஆனால் கடைசியில், "ஒன்றில் இடம் இருக்கிறது, ஆள் இல்லை, மற்றொன்றில் ஆள் இருக்கிறார்கள், இடம் இல்லை" என்று ஒரு வரி போட்டு முடித்துவிட்டீர்கள். பல ஆண்டுகள் பள்ளியில் புவியியல் நடத்தியவள் என்ற முறையில் அந்த வரியை என்னால் கடந்துபோக முடியவில்லை. பிள்ளைகள் மனத்தில் தங்கப்போவது அட்டவணை அல்ல, அந்த வரிதான்.

எண்களில் குறை இல்லை. மங்கோலியாவின் பரப்பு சுமார் 15.6 லட்சம் சதுர கிலோமீட்டர், மக்கள் ஏறக்குறைய 35 லட்சம். வங்கதேசம் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை, சுமார் 1.48 லட்சம் சதுர கிலோமீட்டர்தான். 2022 கணக்கெடுப்பின்படி அங்கே 17 கோடிப் பேர். மங்கோலியாவின் தெற்கு கோபி மாகாணம் ஒன்றே முழு வங்கதேசத்தைவிடப் பெரியது. அங்கே ஒரு லட்சம் பேர்கூடக் கிடையாது. வகுத்துப் பார்த்தால் சதுர கிலோமீட்டருக்கு ஒரு பக்கம் 2 பேர், மறுபக்கம் 1,100க்கும் மேல். சரி, இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது? இதைத்தான் உங்கள் பக்கம் கேட்கவே இல்லை.

இரண்டு நாடுகளுக்கும் நடுவே இமயமலையும் திபெத் பீடபூமியும் நிற்கின்றன. வங்காள விரிகுடாவிலிருந்து ஜூன் மாதம் ஏறி வரும் ஈரக்காற்று மேகாலயா மலைகளில் முட்டி மேலெழுந்து கொட்டித் தீர்க்கிறது. உலகிலேயே அதிக மழை பெறும் ஊர் என்று நாம் படிக்கும் மௌசின்ராம் வங்கதேச எல்லைக்கு மிக அருகில்தான் இருக்கிறது. ஆண்டுச் சராசரி 11,800 மி.மீ.க்கும் மேல். மலையடிவாரத்தில் இருக்கும் வங்கதேசத்துச் சில்ஹெட்டில் சுமார் 4,000 மி.மீ. பெய்கிறது. இமயத்தைத் தாண்டி வடக்கே போகும் காற்றில் ஈரம் மிச்சமிருப்பதில்லை. எந்தக் கடலுக்கும் அருகில் இல்லாத மங்கோலியாவின் தலைநகர் உலான் பத்தூருக்கு ஆண்டு முழுக்கக் கிடைப்பது 300 மி.மீ.க்கும் குறைவு. கோபி பாலைவனத்தின் தெற்கு ஓரங்களில் 100 மி.மீ. பெய்தாலே பெரிது. இவ்வளவு வேறுபாட்டிலும் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டு இடத்திலும் மழையின் பெரும்பங்கு அதே கோடை மாதங்களில்தான் பெய்கிறது.

குளிருக்கும் அந்த மலைதான் தடுப்பு. குளிர்காலத்தில் சைபீரியா, மங்கோலியா மேல் கனமான குளிர்காற்று உயர் அழுத்தமாக வந்து உட்கார்ந்துவிடும். வானம் பளிச்சென்று நீலமாக இருக்கும், வெயிலும் அடிக்கும், ஆனால் உலான் பத்தூரில் இரவு வெப்பநிலை மைனஸ் 30 வரை இறங்கும். உலகின் மிகக் குளிரான தலைநகரம் அது. அந்தக் குளிர் நேரே தெற்கே இறங்கிவிடாமல் இமயம் மறிப்பதால், வங்கதேசத்தின் வட கோடியில்கூட 10 டிகிரிக்குக் கீழே போனாலே மக்கள் நடுங்குகிறார்கள்.

இதற்கு அப்புறம் மண். கங்கை, பிரம்மபுத்திரா, மேக்னா ஆறுகளின் வடிநிலம் சுமார் 17 லட்சம் சதுர கிலோமீட்டர். அதில் வங்கதேசத்துக்குள் இருப்பது ஏறக்குறைய 7 சதவீதம் மட்டுமே. திபெத், நேபாளம், பூட்டான், இந்தியா என்று அத்தனை இடத்து வண்டலும், ஆண்டுக்குச் சுமார் 100 கோடி டன், அந்தச் சின்ன நாட்டின் வழியாகத்தான் கடலுக்குப் போகிறது. போகிற வழியில் படிகிற வண்டலில் ஆவுஸ், ஆமன், போரோ என்று மூன்று நெல் பருவம். நாட்டில் பாதிக்கும் மேல் விளைநிலம். மங்கோலியாவிலோ உழுது பயிர் செய்யும் நிலம் மொத்தப் பரப்பில் 1 சதவீதத்தைத் தொடாது. பல இடங்களில் உறைபனி இல்லாத காலம் மூன்று மாதம், மிஞ்சினால் நான்கு.

வகுப்பில் புள்ளி வரைபடம் போடச் சொல்வேன். ஒரு லட்சம் பேருக்கு ஒரு புள்ளி. மங்கோலியாவுக்கு மொத்தம் 35 புள்ளிகள். பிள்ளைகள் அவற்றைக் கோலம் போடுகிற மாதிரி நாடு முழுக்கச் சீராக இறைத்து வைப்பார்கள். அழித்துவிட்டு, பாதியளவு புள்ளிகளை உலான் பத்தூர் என்ற ஒரே இடத்தில் வைக்கச் சொல்வேன். வங்கதேசத்துக்கு ஆயிரத்து எழுநூறு புள்ளி. டாக்காவைச் சுற்றி மை கலந்து தாள் கறுத்துவிடும். ஆனால் தென்கிழக்கு மூலையில், பந்தர்பான் மலை மாவட்டத்தில், நாலைந்து புள்ளியோடு தாள் வெள்ளையாகவே நிற்கும். அங்கே சதுர கிலோமீட்டருக்கு நூற்றுச் சொச்சம் பேர்தான். சராசரி என்ற எண் எதையெல்லாம் மூடிவிடுகிறது என்பதை அதன் பிறகு நான் விளக்க வேண்டியதே இல்லை.

மங்கோலியாவில் இடம் இருக்கிறது என்கிறீர்கள். அந்தப் புல்வெளியில் ஆடு, மாடு, குதிரை, ஒட்டகம் எல்லாம் சேர்த்து ஆளுக்குப் பதினைந்துக்கும் மேல் மேய்கின்றன. காஷ்மீர் உரோமத்துக்காக வெள்ளாடுகள் பெருகி, புல் வேரோடு போய்க்கொண்டிருக்கிறது. மேய்ச்சல் கணக்கில் அந்த நாடு ஏற்கெனவே நெரிசலில்தான் இருக்கிறது. கோடையில் மழை பொய்த்து, குளிர்காலமும் கடுமையாகிவிட்டால் அதை அங்கே 'ஸுட்' என்கிறார்கள். பனி கொஞ்சம் உருகி மறுபடி உறைந்து, புல்லின் மேல் கண்ணாடி மாதிரி படிந்துவிடும். குதிரை குளம்பால் சுரண்டிப் பார்க்கும். ஆடுகளுக்கு அந்தப் பலமும் கிடையாது. கொழுப்பு கரைந்து, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தபடியே செத்துக் கிடக்கும். 2009-10 குளிர்காலத்தில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் இப்படிப் போயின. 2023-24இல் 70 லட்சத்துக்கும் மேல்.

மந்தையை இழந்த குடும்பம் 'கெர்' என்னும் கம்பளிக் கூடாரத்தைப் பிரித்து ஏற்றிக்கொண்டு உலான் பத்தூர் ஓரத்துக்கு வந்துவிடுகிறது. குளிரைத் தாங்க நிலக்கரி எரித்தாக வேண்டும். நகரம் மலைகளுக்கு நடுவே துல் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருப்பதால், குளிர்காற்று கீழே தேங்கி, புகை மேலே போக வழியில்லாமல் நிற்கிறது. 2019இல் அங்கே கச்சா நிலக்கரிக்குத் தடை போட்டார்கள், பிரச்சினை தீர்ந்துவிடவில்லை. சதுர கிலோமீட்டருக்கு 2 பேர் இருக்கும் நாட்டில் குழந்தைகள் புகையில் மூச்சுத் திணறுகிறார்கள் என்பதை உங்கள் அட்டவணையை வைத்து யாராவது ஊகிக்க முடியுமா?

டாக்காவிலும் கதை இதுதான், காரணம் மட்டும் ஆறு. பத்மாவும் (கங்கைக்கு அங்கே அந்தப் பெயர்) யமுனாவும் (பிரம்மபுத்திராவின் அங்கத்திய பெயர்) கரையை அரித்து, வீட்டையும் வயலையும் கொண்டுபோய்விட்டால் குடும்பங்கள் தலைநகருக்கு வருகின்றன. போலா தீவிலிருந்து வந்தவர்களின் குடியிருப்புக்கு 'போலா பஸ்தி' என்றே பெயர்.

அதே வங்கதேசத்தை 'ஆள் மிகுந்த நாடு' என்று மட்டும் சொல்லி நிறுத்துவது எனக்கு வருத்தம் தருகிறது. 1970 புயலில் அங்கே மூன்று லட்சத்துக்குக் குறையாமல் இறந்தார்கள். 1972இல் தன்னார்வலர்களை வைத்துப் புயல் எச்சரிக்கைத் திட்டம் தொடங்கினார்கள். கொடி ஏற்றி, ஒலிபெருக்கியோடு ஊர் ஊராகப் போய்ச் சொல்லும் ஏற்பாடு. 1991இல் மறுபடி சுமார் 1.38 லட்சம் உயிர்கள் போயின. தூண்கள் மேல் நிற்கும் புகலிடங்கள் பெருகின. 2007இல் சிதர் என்ற மிகக் கடும் புயல் அடித்தபோது இறந்தவர்கள் சில ஆயிரம். அதுவும் பெரிய துயரம்தான், ஆனால் 1970ஐ நினைத்துப் பாருங்கள். குழந்தைப் பேற்றிலும் அப்படித்தான். நாடு பிறந்த காலத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரி ஆறுக்கும் மேல் குழந்தைகள். பெண் பணியாளர்கள் வீடு வீடாகப் போய்ப் பேசிப் பேசி, இன்று அது இரண்டை ஒட்டி நிற்கிறது. மங்கோலியாவில் அரசு இன்றைக்கும் நிறையப் பிள்ளை பெற்ற தாய்மாருக்குப் பதக்கம் கொடுக்கிறது. இதை ஒப்பிட்டிருந்தால் எத்தனை நல்ல பாடமாக இருந்திருக்கும்!

இந்தத் தொடரை நிறுத்திவிட வேண்டாம். அடுத்த இணை நாடுகளைப் போடும்போது ஆண்டு மழையை ஒரே எண்ணாகத் தராமல் மாதவாரிக் கட்டங்களாகத் தாருங்கள். மக்கள் அடர்த்திக்குப் பக்கத்தில் விரல் அளவுக்காவது ஒரு புள்ளி வரைபடமும், நிலத்தின் உயரம் காட்டும் வரைபடமும் வைத்துவிடுங்கள். இடம் போதவில்லை என்றால் தேசியக் கொடி, தேசிய விலங்கு, நாணயம் ஆகியவற்றை எடுத்துவிடலாம். அவை எல்லாப் பொது அறிவுப் புத்தகத்திலும் இருக்கின்றன.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை ஒருவர்